கடலோர வீட்டுக்காரர்களே, இரவில் விளக்கை அணையுங்கள்

சென்னையில் கடலையொட்டிக் குடியிருக்கிறீர்களா? ஜனவரி முதல் மே வரை, கடலைப் பார்த்த மொட்டைமாடி, பால்கனி விளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள். பங்குனி ஆமை என்னும் கடலாமை கரைக்கு முட்டையிட வருவதும் குஞ்சு பொரிப்பதும் இந்த மாதங்களில்தான். மணலிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு, வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல். நம் விளக்கை நம்பிச் சாலைப் பக்கம் ஏறி, வண்டியில் நசுங்கியோ நாயிடம் சிக்கியோ சாகிறது. மனசு ஆறாது, பார்த்தால். அணைக்கவே முடியாத விளக்கென்றால் தரையை மட்டும் பார்க்கும்படி மறைப்பு போட்டு, மங்கலான சிவப்பு பல்புக்கு மாற்றுங்கள். கரையில் ஆமையைக் கண்டால் டார்ச், செல்போன் ஃபிளாஷ் எதுவும் வேண்டாம், தள்ளி நில்லுங்கள். முட்டைக் குழியைத் தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.