கிளட்ச் லீவரை லேசாக்கிய கதை

நெரிசலில் அரை மணி நேரம் பைக் ஓட்டினாலே இடது கை கெஞ்ச ஆரம்பித்துவிடும். கேபிள் என்றால் எண்ணெய் விட்டுப் பார்க்கலாம், இது திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக். கடைசியில் ஸ்லேவ் சிலிண்டரையே (லீவரிலிருந்து வரும் திரவ அழுத்தத்தை வாங்கி, பிஸ்டனால் கிளட்சை விடுவிக்கும் பகுதி) மாற்றினேன். பழைய பிஸ்டனின் விட்டம் 28 மி.மீ., புதியது 30. வெறும் 2 மி.மீ. தானே என்று தோன்றும், ஆனால் பரப்பளவு சுமார் 15 சதவீதம் கூடுவதால் லீவரை இழுக்க வேண்டிய விசை கிட்டத்தட்ட 13 சதவீதம் குறைகிறது. ஆனால் இது சும்மா கிடைப்பதில்லை, பிஸ்டன் நகரும் தூரமும் அதே அளவு குறையும், அதனால் திரவக் குழாயில் கொஞ்சம் காற்று இருந்தாலும் கிளட்ச் முழுதாக விடாது. எனக்கு அதுதான் நடந்தது, நியூட்ரல் விழவே இல்லை. அப்புறம் சிரிஞ்சை வைத்து கீழிருந்து மேலாக டாட் 4 பிரேக் திரவத்தைத் தள்ளி (சில வண்டிகளுக்கு மினரல் ஆயில், மாற்றி ஊற்றினால் சீல் போச்சு) காற்றை வெளியேற்றிய பிறகே சரியானது. இப்போது இரண்டு விரல் போதும்.