செப்டிக் டேங்க் அடைப்பு: ஆசிட் பாட்டிலை எடுக்கும் முன்

செட்டிநாட்டுப் பக்கம் பல வீடுகள் வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். கல்யாணம், படைப்பு, சாந்தி என்று ஏதாவது வந்தால் திறப்போம், ஒரே நாளில் நூறு இருநூறு பேர் கூடிவிடுவார்கள், மறுநாள் காலையில் பின்கட்டுக் கழிவறையில் தண்ணீர் இறங்காது. எங்கள் வீட்டில் ஒரு கார்த்திகைக் கல்யாணத்தில் இதுதான் நடந்தது. யாரோ கடைக்கு ஓடி ஆசிட் வாங்கி வந்தார், நாலு பாட்டில் ஊற்றியும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பார்த்தால் அடைப்பு பைப்பிலேயே இல்லை, டேங்க் நிரம்பி எதிர்த்துக்கொண்டு நின்றது.

அதனால் முதலில் அடைப்பு எங்கே என்று கண்டுபிடியுங்கள். ஒரு கழிவறையில் மட்டும் தேங்கினால் அந்தக் கோப்பையிலோ அதன் வளைவிலோதான் கோளாறு, ரப்பர் பம்ப் வைத்து அழுத்தினாலே பெரும்பாலும் விட்டுவிடும். எல்லாக் கழிவறையிலும் ஒரே சமயத்தில் தேங்கினால் டேங்குக்குப் பக்கத்தில் இருக்கும் சேம்பரை, அதாவது பைப் வந்து சேரும் மூடி போட்ட சின்னத் தொட்டியை, திறந்து பாருங்கள். அது காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கத்துப் பைப்பில். நிரம்பி நின்றால் டேங்கிலோ, டேங்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்குப் போகிற வழியிலோ. நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை, பைப்பும் அந்த நீளத்துக்கு ஓடும். 40 அடிக்கு ஓர் அடியாவது சரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 90 டிகிரி எல்போ போட்ட இடத்தில்தான் எப்போதும் சிக்கும், அங்கே இரண்டு 45 டிகிரி பெண்ட் போடச் சொல்லுங்கள்.

சரி, ஆசிட் ஏன் கூடாது? டேங்குக்குள் கனமானது அடியில் படியும், எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீர்தான் வெளியே போகும். அடியில் படிந்ததைத் தின்று குறைப்பது காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் குடம் குடமாகப் போனால் அவை சாகும், டேங்க் சீக்கிரம் நிரம்பும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், சின்னக் கழிவறையில் அது உயிருக்கே ஆபத்து. வெல்லம், ஈஸ்ட், சாணம் கரைத்து ஊற்றுவதும் தேவையில்லாத வேலை, வேண்டிய பாக்டீரியா நம் மலத்திலேயே வருகிறது.

எங்கள் டேங்க் நிரம்பியதற்குக் காரணம் முற்றம். பழைய வீடுகளில் முற்றத்து மழைத்தண்ணீர் தனி வழியாக வெளியேறும். அந்தக் கால்வாய் தூர்ந்துபோக, யாரோ ஒரு கொத்தனார் முற்றத்துக் குழாயைச் செப்டிக் லைனில் சேர்த்துவிட்டிருந்தார். ஓர் இரவு அடைமழையில் அவ்வளவு தண்ணீரும் டேங்குக்குள் பாய்ந்து, அடியில் கிடந்த சேற்றைக் கலக்கி உறிஞ்சு குழிக்குத் தள்ளிவிட்டது. குழியின் மண்ணில் சேறு அடைத்துவிட்டால் அப்புறம் எத்தனை தடவை டேங்கைக் காலி செய்தாலும் பயனில்லை, குழியையே மாற்ற வேண்டியதுதான். மழைத்தண்ணீரை எந்தக் காரணத்துக்கும் செப்டிக் டேங்கில் விடாதீர்கள்.

பலகாரம் சுட்ட எண்ணெயும் அப்படித்தான். முறுக்கும் சீடையும் சுட்டு முடித்ததும் சட்டியைக் கழுவி ஊற்றினால் அது பைப்பில் உறைந்து ஒட்டும். எண்ணெயை வடித்து எடுத்துவிட்டு, சட்டியைக் காகிதத்தால் துடைத்த பிறகு கழுவுங்கள். நாப்கின், டயப்பர், ஈர டிஷ்யூ எதுவும் கோப்பையில் போகக் கூடாது. விருந்தாளிகள் போடத்தான் செய்வார்கள், ஒவ்வொரு கழிவறையிலும் மூடி போட்ட குப்பைக் கூடை வையுங்கள்.

இன்னொன்று, மூடி. பின்கட்டை அழகுபடுத்துகிறோம் என்று டேங்க் மூடியின் மேலேயே ஆத்தங்குடிக் கல் பதித்துவிடுகிறார்கள். கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரி வந்து நிற்கும்போது மூடி எங்கே என்று தெரியாமல் தரை முழுவதையும் உடைக்க நேரும்.

எவ்வளவு அவசரமானாலும் டேங்குக்குள் ஆளை இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்குக்கு வாசனையே தெரியாது, ஒருவர் விழுந்ததும் தூக்கப் போனவரும் விழுவார். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். கல்யாண வீட்டில் நிற்கிறோம், விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு மனுஷன் உயிருக்கு ஈடாகாது. 14420 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் லாரிக்கு வழி சொல்வார்கள்.

லாரி உறிஞ்சிய பிறகு உள்ளே தேய்த்துக் கழுவச் சொல்லாதீர்கள், அடியில் கொஞ்சம் சேறு இருந்தால்தான் பாக்டீரியா மறுபடி பெருகும். ஆட்கள் நிரந்தரமாக இருக்கும் வீட்டில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பது போதும். பூட்டிய வீட்டில் விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்பே மூடியைத் திறந்து, சற்று நேரம் தள்ளி நின்று, அப்புறம் நீளக் கழியின் முனையில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கிப் பாருங்கள். துணியில் கறுப்புச் சேறு டேங்கின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒட்டியிருந்தால், பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கும் கையோடு லாரிக்கும் சொல்லிவிடுங்கள்.