ஸ்தாவச், ஸ்தாச்: பல பொருளுடைய ஒரு போலிஷ் வினைச்சொல்லை ஆங்கிலமாக்கும் முறை

போலிஷ் மொழியைக் கற்று, அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கத் தொடங்குபவருக்கு அரிய சொற்களால் பெரிய தொல்லை வருவதில்லை. அகராதியைப் புரட்டினால் அவை தீர்ந்துவிடும். நாள்தோறும் புழங்கும் எளிய வினைச்சொற்களே அவரை வழிதவறச் செய்கின்றன. அவற்றுள் மாணவர் முதல் அலுவலர் வரை எல்லோர் வாயிலும் வருவதும், தேர்வு எழுதுதல், தேறுதல், ஒப்படைத்தல் எனப் பல பொருள் தருவதுமான 'ஸ்தாவச்', 'ஸ்தாச்' என்னும் இணையை எடுத்துக்கொண்டு, அதைப் படிப்படியாக எப்படி ஆங்கிலமாக்குவது என்பதை இங்கே விளக்குகிறேன். போலிஷ் சொற்களின் ஒலியைத் தமிழ் எழுத்தில் ஏறத்தாழவே காட்ட முடியும். இந்தச் சொற்களின் தொடக்கத்திலுள்ள 'ஸ்' என்பதை ஆங்கில எழுத்துவரிசையின் கடைசி எழுத்துக்குரிய அதிர்வோடு படிக்க வேண்டும்.

முதல் படி: இணையில் எந்த வினை என்று பாருங்கள்

போலிஷ் வினைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். ஒன்று, செயல் நடந்துகொண்டிருப்பதையோ திரும்பத் திரும்ப நிகழ்வதையோ காட்டும். மற்றொன்று, செயல் முடிந்து பயன் கிடைத்ததைக் காட்டும். 'ஸ்தாவச்' முதல் வகை, 'ஸ்தாச்' இரண்டாம் வகை. 'எழுதினேன்', 'எழுதிவிட்டேன்' என்ற வேறுபாட்டை அறிந்த நமக்கு இது முற்றிலும் புதியதன்று. ஆனால் தமிழில் 'தேர்வை எழுதிவிட்டேன்' என்றால் எழுதி முடித்தேன் என்பதோடு சரி. தேறினேனா என்பது தெரியாது. போலிஷில் 'ஸ்தாவெம் எக்ஸாமின்' என்று ஓர் ஆண் சொன்னால், அவர் தேர்வில் தேறிவிட்டார் என்பதே பொருள். பெண்ணானால் 'ஸ்தாவம்' என்பார்.

ஆகவே, 'யூத்ரோ ஸ்தாயெ எக்ஸாமின்' என்ற வாக்கியத்தை 'ஐ ஆம் டேக்கிங் அன் எக்ஸாம் டுமாரோ' என்று பெயர்க்க வேண்டும். இந்த இடத்தில் 'பாஸிங்' என்று எழுதுவது, ஆங்கிலம் பேசும் போலந்துக்காரர்களிடமே அடிக்கடி காணப்படும் பிழை. நாளை நடக்கப்போகும் தேர்வின் முடிவை இன்றே அறிவிப்பது போலாகிவிடும். 'ஸ்தவாவெம், அலெ நியெ ஸ்தாவெம்' என்ற சிறு வாக்கியத்தில் இரு வினைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன: தேர்வு எழுதினேன், ஆனால் தேறவில்லை. ஆங்கிலத்தில் ஒரே வினையை வைத்து இதைச் சொல்ல வழியில்லை. 'ஐ டுக் தி எக்ஸாம் பட் டிட்ன்ட் பாஸ்' என்று இரண்டு வெவ்வேறு சொற்களைப் பயன்படுத்தியே தீர வேண்டும்.

காலத்தையும் கவனியுங்கள். முடிவைக் காட்டும் வினைக்குப் போலிஷில் நிகழ்காலம் கிடையாது. எனவே 'ஸ்தாம்' என்பது 'தேறுவேன்' என்ற எதிர்காலம்; பார்வைக்கு நிகழ்காலம் போலத் தோன்றுவதால் தொடக்கநிலையினர் இதில் ஏமாறுவதுண்டு. பன்மையில் 'ஸ்தயோன்' என்றால் எழுதுகிறார்கள், 'ஸ்தாத்ஸோன்' என்றால் தேறுவார்கள்.

இந்த வேறுபாட்டை நேரில் காண வேண்டுமானால், போலந்தின் பள்ளியிறுதித் தேர்வான 'மத்தூரா' பற்றிய செய்திகளைப் படிக்கலாம். வழக்கமாக மே மாதம் தேர்வு நடக்கும்போது செய்திகளில் 'ஸ்தயோன்' என்று வரும். கோடையில் முடிவுகள் வெளியானதும் அதே மாணவர்களைப் பற்றி 'ஸ்தாலி' என்று எழுதுவார்கள். போலிஷ், கணிதம், அயல்மொழி ஆகிய கட்டாயப் பாடங்களில் 30 விழுக்காடாவது பெற்றால்தான் இந்த இரண்டாம் சொல் பொருந்தும்.

இனி ஒரு விதிவிலக்கு. 'ஸாஃப்ஷெ ஸ்தவாவா எக்ஸாமினி ஸா பியெர்ஃப்ஷிம் ராஸெம்' என்பதில் வந்திருப்பது முதல் வகை வினை. ஆயினும் பொருள், 'அவள் எப்போதும் முதல் முயற்சியிலேயே தேறினாள்' என்பதே. தேறுதல் பலமுறை நிகழ்ந்ததால் திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காட்டும் வினை வந்திருக்கிறது. இங்கே ஆங்கிலத்தில் 'பாஸ்ட்' என்றுதான் எழுத வேண்டும். 'எப்போதும்' எனப் பொருள்படும் 'ஸாஃப்ஷெ' போன்ற சொற்கள் வாக்கியத்தில் உள்ளனவா என்று பார்க்காமல் முதல் படியை முடித்துவிடக் கூடாது.

இரண்டாம் படி: எதை என்று கேளுங்கள்

'தாச்' என்றால் கொடுத்தல்; 'ஸ்தாச்' அதிலிருந்து பிறந்தது. ஒப்படைத்தல் என்ற கருத்து இன்றும் இச்சொல்லில் உயிரோடு இருக்கிறது. தமிழில் 'ஒப்புவித்தல்' என்பது பொருளைக் கையளிப்பதையும், மாணவர் ஆசிரியர் முன் பாடத்தைச் சொல்லிக்காட்டுவதையும் குறிப்பது போன்ற நிலைதான் இதுவும். ஆகவே செயப்படுபொருள் தேர்வாக இருந்தால் மேலே சொன்ன முறை. திறவுகோலாகவோ ஆயுதமாகவோ இருந்தால் 'ஹேண்ட் இன்' அல்லது 'ரிட்டர்ன்'. 'ஸ்தாவெம் க்ளூச்செ' என்று விடுதியிலிருந்து புறப்படுபவர் சொன்னால், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று பொருள். செயப்படுபொருள் 'ரெலாத்ஸ்யெ' ஆனால், நடந்ததை விவரித்து அறிக்கை தருதல். தேர்வு என்ற சொல் இருந்தும் தேர்வைக் குறிக்காத இடமும் உண்டு: ஒரு திட்டம் 'நியெ ஸ்தாவ் எக்ஸாமினு' என்றால், அது நடைமுறையில் பயன்படவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் 'இட் டிட்ன்ட் வொர்க்' என்பதே இயல்பு.

மூன்றாம் படி: அருகிலுள்ள சிறு சொற்களை விட்டுவிடாதீர்கள்

பொருளைத் தலைகீழாக மாற்றுபவை இவையே. இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிடுங்கள் என்று வற்புறுத்துவேன். 'ஸ்தாச் ஸ்ப்ராவெ' என்றால் பிறரிடம் கணக்கு ஒப்புவித்தல். நடுவே 'சொபியெ' என்ற சொல் புகுந்து 'ஸ்தாச் சொபியெ ஸ்ப்ராவெ' ஆகிவிட்டால், தனக்குத்தானே கணக்கு ஒப்புவித்தல், அதாவது உணர்தல், ஆங்கிலத்தில் 'ரியலைஸ்'. இதிலும் இணை வேறுபாடு தொடர்கிறது. 'ஸ்தாச்' வந்தால் அந்தக் கணத்தில் உணர்ந்தார். 'ஸ்தாவச்' வந்தால் ஏற்கெனவே உணர்ந்திருக்கிறார். பின்னதற்கு 'பி அவேர்' நன்கு பொருந்தும்.

'ஸ்தாயெ மி ஷெ' என்பதில் 'மி' என்றால் 'எனக்கு'. 'எனக்குத் தோன்றுகிறது' என்ற நம் அமைப்பு அப்படியே அங்கே இருக்கிறது. 'நான்' என்ற எழுவாயைத் தேடவே வேண்டியதில்லை. தமிழருக்கு இது பெரிய வசதி. ஆனால் ஆங்கிலமாக்கும்போது 'இட் சீம்ஸ் டு மி' என்று ஒவ்வொரு முறையும் எழுதினால் நடை கனத்துவிடும். பேச்சில் வரும் இடங்களில் 'ஐ திங்க்' என்று எழுதுவதே நன்று.

'ஷெ'யோடு 'நா'வும் சேர்ந்து 'ஸ்தாயெ ஷெ நா ச்செபியெ' என்று வந்தால், 'இதை உன்னிடமே விடுகிறேன்' என்று பொருள். 'ஐ வில் லீவ் இட் டு யூ' என்றோ 'ஐ ஆம் ரிலையிங் ஆன் யூ' என்றோ இடத்துக்கேற்ப எழுதலாம்.

நான்காம் படி: யார் படிக்கப்போகிறார் என்று எண்ணி ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியாவில் 'ரைட் அன் எக்ஸாம்' என்பது இயல்பான வழக்கு. பிரிட்டன் வாசகருக்கு 'சிட்' அல்லது 'டேக்', அமெரிக்க வாசகருக்கு 'டேக்'. பள்ளிச் சிறுவனைப் பற்றி 'நியெ ஸ்தாவ்' என்று மட்டும் வந்து, பேச்சு ஆண்டிறுதியைப் பற்றியதாக இருந்தால், அவன் அடுத்த வகுப்புக்குப் போகவில்லை என்று கொள்ள வேண்டும். பிரிட்டன் வாசகருக்கு 'ரிப்பீட் தி இயர்', அமெரிக்க வாசகருக்கு 'ஹெல்ட் பேக்'.

ஐந்தாம் படி: சரிபாருங்கள்

போலிஷ்–ஆங்கில அகராதி ஒன்றோடு நிறுத்திக்கொள்ளாமல், போலந்து அறிவியல் கழகத்தின் பெரிய போலிஷ் அகராதியை இணையத்தில் பாருங்கள். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பதிவும், எந்த வேற்றுமையோடு வினை வரும் என்ற குறிப்பும், எடுத்துக்காட்டு வாக்கியங்களும் உள்ளன. ஐயம் நீடித்தால், பலவகை எழுத்துகளிலிருந்து திரட்டிய, 150 கோடிக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட போலிஷ் தேசியத் தொகுப்பில் உங்கள் தொடரைத் தேடி, பத்துப் பதினைந்து வாக்கியங்களையாவது படியுங்கள்.

அதன்பின் உங்கள் ஆங்கில வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் போலிஷில் எழுதிப் பாருங்கள். 'ஷி டுக் ஹெர் டிரைவிங் டெஸ்ட்' என்பதைத் திருப்பி எழுதும்போது 'ஸ்தவாவா' வர வேண்டும். மூலத்தில் 'ஸ்தாவா' இருந்ததென்றால், அவர் ஓட்டுநர் தேர்வில் தேறிய செய்தி உங்கள் மொழிபெயர்ப்பில் விடுபட்டுவிட்டது. 'டுக்' என்பதை எடுத்துவிட்டு 'பாஸ்ட்' என்று மாற்றுங்கள்.