தீபாவளி வாழ்த்து வீடியோ: ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் தமிழ் எழுத்தை உடையாமல் அசைப்பது எப்படி?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் தீபாவளி அலங்கார விளக்குகள் ஏறத் தொடங்கியதும், "கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள்" என்று பெயர் எடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு வேலை வந்துவிடும். சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவுக்குப் பத்து விநாடி வாழ்த்து வீடியோ வேண்டும், தமிழ் எழுத்து அழகாக வந்து நிற்க வேண்டும், வாட்ஸ்அப்பிலும் போக வேண்டும், மன்றத்தின் பெரிய திரையிலும் ஓட வேண்டும்.

அசையும் படம் செய்யும் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு யூடியூபில் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அதே படிகளைத் தமிழில் செய்தால் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் பறக்கும். அதனால் இங்கே ஒரே ஒரு வாழ்த்து வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை செய்யலாம், போகிற வழியில் பலருக்குத் தெரியாத சில வழிகளையும் பார்த்துக்கொள்ளலாம். கீஃப்ரேம் என்றால் "இந்த நொடியில் இங்கே இரு, அந்த நொடியில் அங்கே இரு" என்று டைம்லைனில் (நேரக் கோட்டில்) குறித்து வைக்கும் புள்ளி. இவ்வளவு தெரிந்தால் போதும், தொடங்கலாம். (மேக் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல் என்று வரும் இடத்தில் கமாண்ட், ஆல்ட் என்று வரும் இடத்தில் ஆப்ஷன் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.)

படி 1: காம்போசிஷன்

கண்ட்ரோல், என் (N) இரண்டையும் சேர்த்து அழுத்தி ஒரு புதிய காம்போசிஷன் (வீடியோவை அடுக்கும் மேடை) திறங்கள். போனுக்கென்றால் 1080க்கு 1920, மன்றத் திரைக்கு 1920க்கு 1080, நீளம் 10 விநாடி. ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம்) 25 என்று வையுங்கள். காரணம் இருக்கிறது. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். தேக்காவில் போய் அலங்கார விளக்குகளைப் படம் பிடித்து வீடியோவில் சேர்க்க நினைத்தால், 25 ஃபிரேமும் ஷட்டர் 1/50ம் வைத்து எடுங்கள். 30 ஃபிரேம், 1/60 என்று எடுத்தால் படத்தில் மெல்லிய பட்டைகள் உருண்டுகொண்டே இருக்க வாய்ப்புண்டு, அதைப் பிறகு சரிசெய்வது பெரிய தலைவலி.

படி 2: தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிய வேண்டும்

இங்கேதான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். "கொ" என்று தட்டினால் கொம்பு தன் இடத்துக்குப் போகாமல் சிதறிக் கிடக்கிறதா? எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. ப்ரெஃபரன்சஸ் உள்ளே டைப் என்ற பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சின் என்று ஒன்று இருக்கும். அதில் லத்தீன் தேர்வாகியிருந்தால் அதை விட்டுவிட்டு, இந்திய மொழிகளையும் கையாளும் மற்றொன்றை எடுங்கள். பிறகு ப்ராஜெக்ட்டைச் சேமித்து, மூடி, மறுபடி திறங்கள்.

சிலர் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போக பாமினி போன்ற பழைய எழுத்துருவை வைத்துக்கொள்கிறார்கள். வேலை நடக்கும்தான், ஆனால் அந்த வரியை நகலெடுத்து வேறெங்கே ஒட்டினாலும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், பிழை திருத்துபவர் பாடு திண்டாட்டம். யூனிகோடிலேயே இருங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், பாலூ தம்பி 2, கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசம். வாழ்த்துக்குத் தடித்த எழுத்தே நல்லது, மெல்லிய கோடுகள் வாட்ஸ்அப் சுருக்கத்தில் கரைந்துபோகும்.

இரண்டு வரியாக எழுதினால் வரி இடைவெளியைத் தானியங்கி அளவில் விடாதீர்கள். மேல் வரியின் "ழு"வும் கீழ் வரியின் "தீ"யும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவு 100 என்றால் இடைவெளியை 150 அருகில் வைத்துப் பாருங்கள்.

படி 3: சொல் சொல்லாக வரட்டும்

"இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்" என்று தட்டுங்கள். டைம்லைனில் அந்த எழுத்து லேயரை (அடுக்கை) திறந்தால் அனிமேட் என்று ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். அதில் பொசிஷன் சேர்த்து, இரண்டாவது எண்ணை (ஒய்) 80 ஆக்குங்கள். அதே அனிமேட்டரில் ஒபாசிட்டியும் சேர்த்து 0 ஆக்குங்கள். இப்போது எழுத்து மறைந்துவிடும், பதற வேண்டாம்.

அடுத்து ரேஞ்ச் செலக்டர், அதற்குள் அட்வான்ஸ்ட். அங்கே பேஸ்ட் ஆன் (Based On) என்ற இடத்தில் கேரக்டர்ஸ் என்று இருக்கும், அதை வேர்ட்ஸ் ஆக்குங்கள். இந்த ஒரு மாற்றம்தான் தமிழுக்கு உயிர். கேரக்டர்ஸில் விட்டால் உயிர்மெய் துண்டாகி, புள்ளி தனியாக வந்து சேர வாய்ப்புண்டு. வேர்ட்ஸ் என்றால் சொல் முழுதாக எழும்.

ஷேப் என்ற இடத்தில் ராம்ப் அப், ஈஸ் லோ 100. ஆஃப்செட்டுக்கு 0 விநாடியில் -100, ஒன்றரை விநாடியில் 100 என்று இரண்டு கீஃப்ரேம். ஓட்டிப் பாருங்கள், மூன்று சொல்லும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து மெதுவாக அமரும்.

எழுத்து எழுத்தாகத்தான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், லேயர் மெனுவில் கிரியேட், அதில் கிரியேட் ஷேப்ஸ் ஃப்ரம் டெக்ஸ்ட். ஒவ்வொரு வடிவமும் தனிக் குழுவாக வரும். "கொ" மூன்று துண்டாக வந்து நின்றால் அவற்றைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஜி அழுத்தி ஒன்றாகக் கட்டி, அந்தக் குழுவை அசையுங்கள். வேலை அதிகம், ஒரு சொல்லுக்குச் செய்யலாம், முழு வரிக்குச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆங்கிலப் பாடங்களில் அடிக்கடி வரும் டிராக்கிங் அசைவு, அதாவது எழுத்துகள் மெல்ல விலகிக்கொண்டே போவது, தமிழில் வேண்டாம். "கா"வின் காலும் விலகிப் போனால் யார் படிப்பது? மாஸ்க் (மறைப்பு வடிவம்) போட்டு எழுத்தை வெளிக்கொண்டு வரும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். "தீ"யின் மேல்விலங்குச் சுழி எழுத்தின் தலைக்கு மேலே நிற்கும், மாஸ்க்கைக் கொஞ்சம் உயரமாகவே வரையுங்கள்.

படி 4: கோலம்

எனக்குப் பிடித்த பகுதி இது. ஒரே ஒரு இதழை வரைந்தால் போதும், மீதியை மென்பொருள் போட்டுவிடும்.

எந்த லேயரும் தேர்வாகாத நிலையில் பென் கருவியை எடுத்து, திரையின் நடுவிலிருந்து சற்று மேலே ஒரு இதழ் வரையுங்கள். ஃபில் (உள்நிறம்) வேண்டாம், ஸ்ட்ரோக் (கோடு) மட்டும், வெள்ளை நிறம். ஷேப் லேயரின் ஆட் அம்புக்குறியில் ரிப்பீட்டர். காப்பீஸ் 3 என்று இருப்பதை 8 ஆக்குங்கள். ரிப்பீட்டருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மில் பொசிஷன் 100, 0 என்று இருக்கும், அதை 0, 0 ஆக்கி, ரொட்டேஷனை 45 ஆக்கினால் எட்டு இதழ்க் கோலம் தயார். பன்னிரண்டு இதழ் வேண்டுமா, 360ஐ 12ஆல் வகுத்து 30 போடுங்கள்.

வரைவது போலத் தெரிய, அதே ஆட் மெனுவில் ட்ரிம் பாத்ஸ் சேர்த்து, எண்ட் மதிப்பை 0 முதல் 100 வரை இரண்டு விநாடியில் ஓட்டுங்கள். இதில் வரிசைதான் சூட்சுமம். ட்ரிம் பாத்ஸ் ரிப்பீட்டருக்கு மேலே இருந்தால் எட்டு இதழும் ஒரே நேரத்தில் வளரும். அதை ரிப்பீட்டருக்குக் கீழே இழுத்துவிட்டு, ட்ரிம் மல்ட்டிபிள் ஷேப்ஸ் என்பதை இண்டிவிஜுவலி ஆக்கினால் ஒவ்வொரு இதழாக வரும். வாசலில் அம்மா போடும் கோலத்துக்கு இரண்டாவதுதான் நெருக்கம்.

படி 5: அகல் விளக்கு

விளக்கு ஒரு லேயர், சுடர் ஒரு லேயர். சுடரைத் தேர்ந்தெடுத்து ஒய் எழுத்தை அழுத்தினால் ஆங்கர் பாயிண்டை (சுழலும் மையத்தை) நகர்த்தும் கருவி வரும், அதைச் சுடரின் அடிக்கு, திரியின் நுனிக்கு, இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் சுடர் நடுவில் குத்தி வைத்தது போலச் சுழலும்.

இப்போது ரொட்டேஷனின் ஸ்டாப்வாட்சை ஆல்ட் அழுத்திக்கொண்டு கிளிக் செய்யுங்கள். எக்ஸ்பிரஷன் (சிறு கட்டளை எழுதும்) பெட்டி திறக்கும். பக்கத்தில் இருக்கும் சிறு முக்கோண மெனுவில் ப்ராப்பர்ட்டி பகுதியில் விக்கிள் என்ற வரி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்து, அடைப்புக்குறிக்குள் இருப்பதை அழித்துவிட்டு 3, 4 என்று எழுதுங்கள். விநாடிக்கு மூன்று முறை, சுமார் நான்கு பாகை ஆடும். இந்தச் சுடர் லேயரைப் பிரதி எடுத்தால் ஒவ்வொரு பிரதியும் தனக்கென்று வேறு மாதிரி ஆடும், தனித்தனியாக மாற்ற வேண்டியதில்லை.

விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டுமா? முதலில் ஒவ்வொரு சுடருக்கும் ஸ்கேலை 0 முதல் 100 வரை போட்டுவிடுங்கள். எல்லாச் சுடர் லேயர்களையும் ஏற வேண்டிய வரிசையில் கிளிக் செய்து, அனிமேஷன் மெனுவில் கீஃப்ரேம் அசிஸ்டென்ட், சீக்வென்ஸ் லேயர்ஸ். ஓவர்லாப் டிக் செய்து, 10 விநாடி லேயருக்கு 9 விநாடி 20 ஃபிரேம் என்று கொடுத்தால் ஐந்து ஐந்து ஃபிரேம் இடைவெளியில் ஏறும்.

படி 6: அசைவுக்கு மெருகு

கீஃப்ரேம்களைத் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தினால் ஈஸி ஈஸ், அதாவது மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும் அசைவு, இது பலருக்குத் தெரியும். அது கொடுக்கும் இன்ஃப்ளூயன்ஸ் (மெதுவாகும் அளவு) 33.33 சதவீதம்தான், அதனால்தான் எல்லாருடைய வீடியோவும் ஒரே மாதிரி அசைகிறது. கடைசிக் கீஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், கே அழுத்துங்கள். இன்கமிங் வெலாசிட்டியில் இன்ஃப்ளூயன்ஸை 80 ஆக்குங்கள். விரைவாக வந்து நிதானமாக நிற்கும், கிராஃப் எடிட்டரைத் திறக்கவே வேண்டாம்.

மொத்த அசைவும் மெதுவாக இருக்கிறதா? எல்லாக் கீஃப்ரேம்களையும் தேர்ந்தெடுத்து, ஆல்ட் பிடித்துக்கொண்டு கடைசிக் கீஃப்ரேமை உள்ளே தள்ளினால் இடைவெளிகள் அதே விகிதத்தில் சுருங்கும். யு எழுத்தை ஒருமுறை அழுத்தினால் கீஃப்ரேம் உள்ளவை மட்டும் தெரியும், வேகமாக இருமுறை அழுத்தினால் நீங்கள் மாற்றிய எல்லாமே தெரியும். வேறொருவர் கோப்பைப் பிரித்துப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. அப்புறம், திரை திடீரென்று உறைந்து போனால் முதலில் கேப்ஸ் லாக் எரிகிறதா பாருங்கள், அது எரிந்தால் படம் புதுப்பிக்கப்படாது.

படி 7: மற்ற மொழிகளும், அனுப்புவதும்

சிங்கப்பூரில் ஒரு மொழியோடு வேலை முடிவது அபூர்வம். அதே வீடியோ ஆங்கிலம், மாண்டரின், மலாயிலும் வேண்டும் என்பார்கள். காம்போசிஷனைப் பிரதி எடுத்து, எழுத்தை அந்தந்த மொழியில் மாற்றித் தட்டுங்கள். படமும் மாற வேண்டுமென்றால் அந்தப் பட லேயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ப்ராஜெக்ட் பேனலிலிருந்து புதிய படத்தை ஆல்ட் பிடித்து அதன்மேல் இழுத்து விடுங்கள். கீஃப்ரேம் எல்லாம் அப்படியே இருக்கும், படம் மட்டும் மாறும். பெயர்ப் பட்டை வைத்தால் தமிழ் நீளத்தை முதலில் பாருங்கள், ஆங்கிலத்தில் எச்டிபி என்று மூன்று எழுத்தில் முடிவது தமிழில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். பிரீமியர் ப்ரோவில் பட்டை செய்பவர்கள் பட்டை லேயரின் பின் டு என்ற இடத்தில் எழுத்து லேயரைக் கொடுத்து நான்கு பக்கமும் பிணைத்துவிட்டால், எழுத்து நீளும்போது பட்டையும் நீளும்.

இருட்டுப் பின்னணியில் விளக்கைச் சுற்றி ஒளி வட்டம் வைத்திருப்பீர்கள், அது படிப்படியாக வளையம் வளையமாகத் தெரியும். ப்ராஜெக்ட் பேனலின் அடியில் 8 பிபிசி (நிறத்தின் நுணுக்க அளவு) என்று இருப்பதை ஆல்ட் பிடித்துக் கிளிக் செய்து 16 ஆக்குங்கள், மேலே ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் (கீழுள்ள எல்லா லேயருக்கும் பொருந்தும் லேயர்) நாய்ஸ் எஃபெக்ட் 2 அல்லது 3 சதவீதம் போடுங்கள், வளையம் பெரும்பாலும் மறைந்துவிடும். ஏற்றுமதி செய்ய மீடியா என்கோடரில் எச்.264 வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்பில் குழுவினருக்கு அனுப்பும்போது வீடியோவாக அல்லாமல் டாக்குமென்ட்டாக இணையுங்கள், அப்போதுதான் நீங்கள் ஏற்றுமதி செய்த அதே தரத்தில் போய்ச் சேரும்.