சாலையோர சார்ஜரை நம்பிப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சார காரை வீட்டிலேயே சார்ஜ் செய்யும் வரை பெரிய தொல்லை இல்லை. வெளியூர் கிளம்பி, வழியில் ஏதோ ஓர் உணவகத்தின் வாசலில் நிற்கும் சார்ஜரை நம்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. திரை இருட்டாக இருக்கும். ஆப் பணத்தைப் பிடித்துக்கொண்டு, தொடங்க முடியவில்லை என்று கைவிரிக்கும். சார்ஜர் எதிரே டீசல் வண்டி ஒன்று சாவகாசமாக நிற்கும். கோபம் வருவது நியாயம்தான், ஆனால் அதை யாரிடம் காட்டுகிறோம் என்பதிலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது.

உணவகமும் சார்ஜரும் ஒரே ஆளுடையவை என்று நினைத்துக்கொள்கிறோம். பல இடங்களில் அப்படி இல்லை. இடம் கடைக்காரருடையது, இயந்திரம் ஒரு சார்ஜிங் நிறுவனத்துடையது. கல்லாவில் இருப்பவரால் உங்கள் பணத்தைத் திருப்பித் தரவும் முடியாது, இயந்திரத்தின் மென்பொருளைச் சரிசெய்யவும் முடியாது. குறுக்கே நிற்கும் வண்டியை எடுக்கச் சொல்வது, பூட்டிய கேட்டைத் திறப்பது, அணைந்து கிடக்கும் மெயின் சுவிட்சைப் போடுவது, இவையெல்லாம் அவரால் முடியும். அவற்றை மட்டும் அவரிடம் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். மற்றதற்கு இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, அதே ஸ்டிக்கரில் உள்ள சார்ஜர் எண்ணைச் சொல்லுங்கள். பெரும்பாலான பொது சார்ஜர்கள் இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வரோடு பேசிக்கொண்டிருப்பவை. அங்கிருந்தபடியே அணைத்து மறுபடி இயக்கவும், சார்ஜிங்கைத் தொடங்கவும் அவர்களால் முடியும்.

இதே காரணத்தால், இயந்திரம் நல்ல நிலையில் இருந்தும் அந்த இடத்தில் சிக்னல் இல்லையென்றால் ஆப் வேலை செய்யாது. நிறுவனம் தட்டிக் காட்டும் கார்டு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில இயந்திரங்கள் இணையம் போனாலும் கார்டை ஏற்கும். முக்கியமாக, ஆப்பைப் புதிதாக நிறுவுவது, கணக்குத் தொடங்குவது, பணம் ஏற்றுவது எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். பேட்டரி 6 சதவீதத்தில் இருக்கும்போது ஓடிபிக்காகக் காத்திருப்பது தேவையில்லாத வேதனை.

அடுத்தது, மேப்பில் தெரியும் பச்சை நிறம். இயந்திரம் இணைப்பில் இருக்கிறது, யாரும் பயன்படுத்தவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. கேபிள் அறுந்திருக்கிறதா, கேட் பூட்டியிருக்கிறதா, இரவில் கடையோடு சேர்த்து சார்ஜரையும் அணைத்துவிடுவார்களா என்பதெல்லாம் அதில் தெரியாது. அங்கே கடைசியாக ஒருவர் வெற்றிகரமாக எப்போது சார்ஜ் செய்தார் என்று பாருங்கள். அதைவிட நல்லது, கடைக்கே ஒரு போன் போட்டுக் கேட்பது. ஒற்றைக் கன் (கேபிள் முனையில் காரில் செருகும் பகுதி) மட்டும் உள்ள இடத்தைவிட இரண்டு மூன்று இயந்திரங்கள் உள்ள இடமே மேல். அப்புறம், ஒரு சார்ஜர் ஏமாற்றினால் அடுத்ததற்குப் போகும் அளவுக்குச் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே வண்டியைச் சார்ஜர் பக்கம் திருப்புங்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லா எச்சரிக்கையையும்விட இது ஒன்றுதான் பயணத்தைக் காப்பாற்றும்.

பலகையில் எழுதியிருக்கும் கிலோவாட் கணக்கை அப்படியே நம்புவதும் தவறு. ஏசி சார்ஜர் தருவது வீட்டில் வருவது போன்ற மாறுமின்சாரம்; அதில் வேகத்தைத் தீர்மானிப்பது, அதைப் பேட்டரிக்கு ஏற்ற டிசி மின்சாரமாக மாற்றும் ஆன்போர்டு சார்ஜர், அதாவது காருக்குள்ளேயே இருக்கும் கருவி. அது 3.3 கிலோவாட் என்றால், 22 கிலோவாட் சார்ஜரில் செருகினாலும் 3.3 தான் ஏறும். 40 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிறைய 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேட்டரிக்கே நேராக மின்சாரம் தரும் டிசி வேக சார்ஜரில் வேறு கதை. 120 கிலோவாட் என்று போட்டிருக்கும்; பக்கத்துக் கன்னில் இன்னொரு கார் வந்து செருகினால் அது 60, 60 ஆகப் பிரிந்துவிடலாம். உங்கள் கார் 50 கிலோவாட்டுக்கு மேல் ஏற்காது என்றால் இந்தக் கவலையே வேண்டாம். டிசியில் எப்படியானாலும் 80 சதவீதத்தைத் தாண்டியதும் பேட்டரியின் பாதுகாப்புக்காகக் கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடுத்த சார்ஜர் உறுதியானது என்றால் 80இல் கழற்றிவிட்டுக் கிளம்புவதே லாபம். பின்னால் ஒருவர் காத்திருந்தால் அவருக்கும் புண்ணியம்.

செருகியும் சார்ஜ் ஏறவில்லையா? உடனே இயந்திரத்தைத் திட்ட வேண்டாம். வீட்டில் இரவு நேரச் சார்ஜுக்காக வைத்த டைமர் காரில் அப்படியே இருக்கும். அதை நீக்கிப் பாருங்கள். கனமான டிசி கேபிள் தன் எடையால் கன்னைக் கீழே இழுத்து, இணைப்பு சரியாகப் பொருந்தாமல் போவதுண்டு. பூட்டு விழும் சத்தம் கேட்கும்வரை கன்னைக் கையால் தாங்கிப் பிடியுங்கள். போகிறவர் வருகிறவர் யாராவது சிவப்பு அவசர பட்டனை அமுக்கிவிட்டுப் போயிருக்கலாம். பல இயந்திரங்களில் அதைத் திருகினால் வெளியே வரும். ஆனால் எர்த் கோளாறு என்று திரை காட்டினால் மறுபடி மறுபடி முயலாதீர்கள். அது உங்கள் பாதுகாப்புக்காக இயந்திரம் மறுப்பது. வேறு இடம் தேடுங்கள்.

முடிந்த பிறகு கன் கழறவில்லை என்றால் பலத்தைக் காட்டி இழுக்கக் கூடாது. முதலில் ஆப்பில் நிறுத்தி, பிறகு காரை அன்லாக் செய்யுங்கள். அப்போதும் வரவில்லையென்றால், பல கார்களில் கையால் இழுத்து விடுவிக்கும் ஒரு கயிறோ கைப்பிடியோ இருக்கும். அது பானெட்டுக்குள் இருக்கிறதா டிக்கியில் இருக்கிறதா என்று கையேட்டில் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

பணம் போய், சார்ஜ் ஏறாமல் இருந்தால் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; சார்ஜர் எண், நேரம், பரிவர்த்தனை எண் மூன்றும் தெரிய வேண்டும். பல ஆப்கள் தொடக்கத்தில் ஒரு தொகையைப் பிடித்து வைத்து, பயன்படுத்தாத பாக்கியைப் பிறகு விடுவிக்கும். சில நாள் பொறுத்தும் வராவிட்டால், அந்தப் படத்தோடு புகார் கொடுங்கள்.