அமெரிக்க காமிக்ஸ் வரலாறு எழுதும்போது வழுக்கும் இடங்கள்

"1938 ஜூன் மாதம் டிசி காமிக்ஸ் நிறுவனம் சூப்பர்மேனை வெளியிட்டது." இந்த வரியை எத்தனையோ கட்டுரைகளில் படித்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன். பார்க்க சாதுவான வரி. ஆனால் மாதம் தப்பு, நிறுவனத்தின் பெயரும் தப்பு.

அமெரிக்காவின் ஆரம்பகால காமிக்ஸ் பதிப்பாளர்களின் கதை ஒரு பங்காளிச் சொத்துத் தகராறு மாதிரி. பத்திரம் யார் பெயரில், பணம் யார் கையில், உழைப்பு யாருடையது என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூன்றையும் ஒன்றாக்கி எழுதினால், உண்மையில் வேலை செய்தவர்கள் வரலாற்றிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வந்ததே அதனால்தான்.

மாதத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சூப்பர்மேன் அறிமுகமான ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் அட்டையில் ஜூன் 1938 என்று இருக்கிறது. கடைக்கு வந்தது ஏப்ரல் 18. அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகளில் அட்டைத் தேதி கடைக்காரருக்கான குறிப்பு. அந்த மாதம் வந்ததும் விற்காத பிரதிகளை எடுத்துத் திருப்பி அனுப்பிவிடலாம். அதனால் இதழ் இரண்டு மூன்று மாதம் முன்பே வந்துவிடும். கேப்டன் அமெரிக்கா ஹிட்லரைக் குத்தும் அட்டை மார்ச் 1941 என்று சொல்லும். கடையில் அது 1940 டிசம்பரிலேயே இருந்தது. அமெரிக்கா போருக்குள் போக இன்னும் ஒரு வருடம் இருந்த நேரம் அது. அட்டைத் தேதியை "வெளியான நாள்" என்று எழுதாதீர்கள்.

அடுத்தது பெயர். "டிசி காமிக்ஸ்" என்பது நிறுவனத்தின் முறையான பெயரானது 1977-ல்தான். 1940 முதல் அட்டையில் டிசி முத்திரை இருந்தது, வாசகர்களும் அப்படியே அழைத்தார்கள். ஆனால் ஆவணத்தில் இருந்த பெயர்கள் வேறு. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு மனிதர் நசுக்கப்பட்ட கதை இருப்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

குதிரைப்படையில் மேஜராக இருந்த மால்கம் வீலர்-நிக்கல்சன் 1934-ல் நேஷனல் அலைட் பப்ளிகேஷன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவரை வந்த காமிக்ஸ் புத்தகங்கள் பெரும்பாலும் செய்தித்தாள் படக்கதைகளின் மறுபதிப்பு. மேஜர் கொண்டுவந்த நியூ ஃபன், பிப்ரவரி 1935 தேதியிட்டது, முழுக்கப் புதுக் கதைகளோடு வந்தது. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலுக்கும் ஜோ ஷஸ்டருக்கும் காமிக்ஸில் முதல் வாய்ப்பு கொடுத்தவரும் அவர்தான். ஆனால் கையில் எப்போதும் காசு இல்லை. மட்ட ரகக் கதைப் பத்திரிகைகளை அச்சிட்டு விற்று வந்த ஹாரி டோனன்ஃபெல்டிடம் கடன் ஏறிக்கொண்டே போனது. டோனன்ஃபெல்டின் கணக்காளர் ஜேக் லீபோவிட்ஸ் பங்குதாரராக உள்ளே வந்தார். இப்படிப் பிறந்ததுதான் பின்னர் சூப்பர்மேனை வெளியிட்ட டிடெக்டிவ் காமிக்ஸ் என்ற தனிக் கம்பெனி, அதே பெயரில் 1937-ல் வந்த இதழும். 1938-ல் மேஜர் வெளியே தள்ளப்பட்டார், அவருடைய பழைய கம்பெனி திவாலானது, சொத்தை டோனன்ஃபெல்ட் வாங்கிக்கொண்டார். சூப்பர்மேன் கடைக்கு வரும்போது மேஜர் அங்கே இல்லை.

ஆகவே "டோனன்ஃபெல்ட் டிசியைத் தொடங்கினார்" என்று எழுதினாலும் தப்பு, "வீலர்-நிக்கல்சன் சூப்பர்மேனை வெளியிட்டார்" என்றாலும் தப்பு.

அப்புறம் இன்னொரு கிளை. ஃப்ளாஷ், கிரீன் லேன்டர்ன், வொண்டர் வுமன் மூவரும் "டிசியின்" நாயகர்கள் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் பிறந்தது ஆல்-அமெரிக்கன் பப்ளிகேஷன்ஸ் என்ற வேறு கம்பெனியில். மேக்ஸ் கெய்ன்ஸ் நடத்தியது அது. போட்ட பணம் டோனன்ஃபெல்டுடையது, உள்ளே பங்குதாரராக மறுபடியும் லீபோவிட்ஸ். அட்டையில் ஒரே முத்திரை, விளம்பரம் கூட்டாக. 1940-ல் ஆல் ஸ்டார் காமிக்ஸில் இரண்டு கம்பெனி நாயகர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற குழு ஆனார்கள். சில வருடங்களில் கெய்ன்ஸுக்கும் மற்றவர்களுக்கும் உறவு கசந்தது. 1945-ல் ஆல்-அமெரிக்கன் இதழ்கள் சில மாதங்கள் டிசி முத்திரையைக் கழற்றிவிட்டுத் தன் சொந்த முத்திரையோடு வந்தன. கதைக்குள்ளும் அது தெரிந்தது. ஆல் ஸ்டார் 24-ம் இதழில் டிடெக்டிவ் காமிக்ஸ் பக்கத்து ஸ்பெக்டரும் ஸ்டார்மேனும் இல்லை; அந்த இடத்தில் ஃப்ளாஷும் கிரீன் லேன்டர்னும் திரும்பி வந்திருந்தார்கள். கதையாசிரியரின் கற்பனை என்று ஒரு விமர்சகர் பக்கம் பக்கமாக அலசக்கூடிய மாற்றம் இது. காரணம் பங்குத் தகராறு.

கெய்ன்ஸ் தன் பங்கை விற்றுவிட்டு, கல்விக்கான காமிக்ஸ் என்ற எண்ணத்தோடு இசி நிறுவனத்தைத் தொடங்கினார். 1946-ல் ஆல்-அமெரிக்கனும் டிடெக்டிவ் காமிக்ஸும் மற்றவையும் சேர்ந்து நேஷனல் காமிக்ஸ் பப்ளிகேஷன்ஸ் ஆயின. 1947-ல் கெய்ன்ஸ் படகு விபத்தில் இறந்தார். திகில் கதைகளால் இசியைப் புகழ்பெற வைத்தவர் அவர் மகன் வில்லியம் கெய்ன்ஸ். தந்தையையும் மகனையும் ஒருவராக்கி எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது.

மார்வல் பக்கம் வந்தால் பிடிகொடுக்காத ஆள் அதன் முதலாளி மார்ட்டின் குட்மேன். 1939-ல் வந்த மார்வல் காமிக்ஸ் என்பது ஓர் இதழின் தலைப்பு மட்டுமே. அதையும் குட்மேன் தன் அலுவலகத்தில் தயாரிக்கவில்லை. ஃபன்னீஸ் இன்க் என்ற ஸ்டூடியோ பக்கங்களை வரைந்து, கோத்து, முடித்துக் கொடுத்தது. ஹ்யூமன் டார்ச்சைத் தந்த கார்ல் பர்கோஸும் சப்-மரினரைத் தந்த பில் எவரெட்டும் அந்த ஸ்டூடியோ வழியாக வந்தவர்கள். 1940-களில் அந்தக் கம்பெனியை டைம்லி என்கிறோம், 1950-களில் அட்லஸ் என்கிறோம், 1960-களில் மார்வல். மூன்று நிறுவனங்கள் ஒன்றை ஒன்று வாங்கியதாக எழுதிவிடாதீர்கள். எல்லாம் குட்மேனே. அட்லஸ் என்பது அவருடைய சொந்த விநியோகக் கம்பெனியின் பெயர், அதன் உருண்டை முத்திரை அட்டையில் இருந்ததால் அந்தப் பெயர் நிலைத்தது.

சட்டப்படி வெளியிட்டது யார் என்று கேட்டால் இன்னும் தலை சுற்றும். குட்மேன் டஜன் கணக்கில் சின்னச் சின்னக் கம்பெனிகளைப் பதிவு செய்து வைத்திருந்தார். ஒன்று வழக்கிலோ கடனிலோ மாட்டினாலும் மற்றவை தப்பிக்கும். 1961-ல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழை எடுத்து, உள்ளே பக்கத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தால் கனாம் பப்ளிஷர்ஸ் சேல்ஸ் கார்ப்பரேஷன் என்று இருக்கும். அமேசிங் ஸ்பைடர்மேன் முதல் இதழில் நான்-பாரெய்ல் பப்ளிஷிங். இந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் அட்டையை மட்டும் நம்புவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய் என்று நினைக்கிறேன்.

பதிப்பாளரை மட்டும் பார்த்துவிட்டு விநியோகஸ்தரை விட்டுவிடுவது அடுத்த பெரிய தவறு. குட்மேன் 1956-ல் தன் விநியோகக் கம்பெனியை மூடிவிட்டு அமெரிக்கன் நியூஸ் என்ற பெரிய நிறுவனத்திடம் போனார். 1957-ல் அந்த நிறுவனம் மொத்த விநியோகத் தொழிலையே விட்டுவிட்டது. இதழ்களைக் கடைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் நின்ற குட்மேன் கடைசியில் ஒதுங்கிய இடம் இன்டிபென்டென்ட் நியூஸ். அதன் முதலாளிகள் டிசியின் முதலாளிகளேதான்! மாதத்துக்கு எட்டு இதழ்தான் என்று வரம்பு போட்டார்கள். ஸ்பைடர்மேனும் எக்ஸ்-மென்னும் போட்டிக் கம்பெனியின் வண்டியில் ஏறித்தான் கடைக்குப் போனார்கள். ஒரே இதழை அயர்ன் மேனும் கேப்டன் அமெரிக்காவும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டதற்கும் 1968-ல் இருவரும் தனி இதழ்களுக்குப் பிரிந்ததற்கும் இந்த வரம்பைத் தெரியாமல் விளக்கம் சொல்ல முடியாது.

சரி, வழக்குகள். சூப்பர்மேனைக் காப்பியடித்ததாக கேப்டன் மார்வல் மீது (இன்று ஷசாம் என்று அழைக்கப்படுபவர்) நேஷனல், அதாவது இன்றைய டிசி, போட்ட வழக்கில் அவரை வெளியிட்ட ஃபாசெட் நிறுவனம் "நீதிமன்றத்தில் தோற்றது" என்று எழுதுகிறார்கள். நடந்தது அது இல்லை. 1941-ல் போட்ட வழக்கு 1948-ல்தான் விசாரணைக்கு வந்தது. கீழ் நீதிமன்றம் காப்பி அடித்தது உண்மை என்றது; ஆனால் செய்தித்தாளில் வந்த சூப்பர்மேன் படக்கதைகளில் பதிப்புரிமைக் குறிப்பைச் சரியாகப் போடாததால் நேஷனல் தன் உரிமையை இழந்துவிட்டது என்று ஃபாசெட்டை விடுவித்தது. 1951-ல் மேல்முறையீட்டில் நீதிபதி லேர்னெட் ஹேண்ட், உரிமை போகவில்லை என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பினார். மறுபடி விசாரணை நடப்பதற்குள் 1953-ல் ஃபாசெட் 4 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டு கேப்டன் மார்வலை நிறுத்தியது. சூப்பர் ஹீரோ இதழ்களின் விற்பனை சரிந்துவிட்ட காலம், இழுத்துக்கொண்டு போராட அவர்களுக்குக் காரணமும் இல்லை. டிசி உடனே அவரை வாங்கிவிட்டது என்பதும் பிழை. 1972-ல் உரிமம் வாங்கினார்கள், முழு உரிமை கைக்கு வந்தது 1991-ல். நடுவில் 1967-ல் மார்வல் தன் கேப்டன் மார்வலைக் கொண்டுவந்து பெயரைப் பிடித்துக்கொண்டது. டிசி இதழுக்கு ஷசாம் என்று தலைப்பு வைத்தது அதனால்தான்.

இதற்கு முந்தைய வழக்கு வொண்டர் மேன் மீது. விக்டர் ஃபாக்ஸ் 1939-ல் வெளியிட்ட நாயகன் அவர். ஃபாக்ஸின் பெயரைப் போட்டுத் தேடினால் வழக்கு சிக்காது, ஏனென்றால் தலைப்பில் இருப்பது ப்ரூன்ஸ் பப்ளிகேஷன்ஸ் என்ற அவருடைய கம்பெனி. வொண்டர் மேனை வரைந்தவர் பின்னாளில் மேதையாகக் கொண்டாடப்பட்ட வில் ஐஸ்னர். ஃபாக்ஸ் சொல்லித்தான் சூப்பர்மேன் மாதிரி செய்தேன் என்று நீதிமன்றத்தில் உண்மையைச் சொன்னதாக அவர் பல வருடம் சொல்லிவந்தார். எல்லோரும் அதையே எழுதினோம். 2010-ல் சாட்சியப் பதிவு வெளியே வந்தது. அதில் ஐஸ்னர், காப்பி அடிக்கவில்லை என்றே சொல்லியிருந்தார். அப்போது அவருக்கு வயது 22. ஃபாக்ஸ் அவருக்குப் பணம் தரவேண்டிய வாடிக்கையாளர். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாற்பது ஐம்பது வருடம் கழித்துத் தரும் பேட்டியை ஆவணத்துக்குச் சமமாக வைக்கக் கூடாது. எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் சரி.

இதழ் எண்களையும் நம்பிவிடாதீர்கள். புதுத் தலைப்பு என்றால் சலுகை அஞ்சல் கட்டணத்துக்குப் புதிதாகப் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். அதைத் தவிர்க்க, ஓடாத இதழின் எண்ணிலேயே புது இதழைத் தொடர்ந்தார்கள். இசியின் வீர்ட் ஃபேன்டசி 13-ம் எண்ணில் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தைய பன்னிரண்டும் மூன் கேர்ள் என்ற சாகசக்காரியின் இதழாகத் தொடங்கிக் காதல் கதை இதழாக மாறியவை. தொலைந்த 12 அறிவியல் புனைகதை இதழ்களைத் தேடி அலைய வேண்டாம்.

கம்பெனி மூடிவிட்டால் நாயகன் பொதுச் சொத்து என்று நினைப்பவர்கள் ப்ளூ பீட்டிலின் பயணத்தைப் பார்க்கலாம். 1939-ல் ஃபாக்ஸிடம் பிறந்தார். ஃபாக்ஸ் கடனில் மூழ்கியபோது 1942 முதல் இரண்டு வருடம் போல ஹோல்யோக் என்ற கம்பெனி அவரை வெளியிட்டது. திரும்ப ஃபாக்ஸ், பிறகு சார்ல்டன், 1983-ல் டிசி. 1964-க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றுக்குப் பதிப்புரிமை 28 வருடம்தான், அதன் கடைசியில் புதுப்பிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு இதழையும் தனித்தனியாகத் தேடித்தான் சொல்ல முடியும். அதோடு பதிப்புரிமை வேறு, பெயர் மேலான வணிகச் சின்ன உரிமை வேறு. 1940-ல் லெவ் கிளீசன் வெளியிட்ட டேர்டெவிலுக்கும் 1964-ல் மார்வல் கொண்டுவந்த டேர்டெவிலுக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்த நமக்கென்று ஒரு தனிக் குழப்பம் உண்டு. வேதாளரும் மாண்ட்ரேக்கும் ரிப் கெர்பியும் இந்தக் கம்பெனிகள் எதையும் சேர்ந்தவர்கள் இல்லை. செய்தித்தாள்களுக்குப் படக்கதை விற்ற கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட்டின் பிள்ளைகள் அவர்கள். அந்தத் தொழிலின் கணக்கு வழக்கே வேறு.

கடைசியாக டெல் காமிக்ஸ். டொனால்ட் டக் இதழ்களில் டெல் என்று போட்டிருப்பதால் டிஸ்னி உரிமை டெல்லிடம் இருந்ததாக எழுதுகிறார்கள். உரிமத்தை வாங்கியது, கலைஞர்களுக்குக் கூலி கொடுத்தது, அச்சிட்டது எல்லாம் வெஸ்டர்ன் பிரின்டிங். டெல்லின் வேலை பணம் போடுவதும் விற்பதும். 1962-ல் இருவரும் பிரிந்தபோது டிஸ்னி பாத்திரங்கள் வெஸ்டர்னோடு கோல்ட் கீ என்ற புது முத்திரைக்குப் போனது அதனால்தான். அங்கிள் ஸ்க்ரூஜை உருவாக்கிய கார்ல் பார்க்ஸ் காமிக்ஸ் வரைந்த காலமெல்லாம் வேலை பார்த்தது வெஸ்டர்னுக்கு. பக்கத்தில் இருந்தது வால்ட் டிஸ்னியின் பெயர், அட்டையில் இருந்தது டெல்லின் பெயர். பார்க்ஸின் பெயர் எங்கும் இல்லை. அவருடைய கோட்டின் அழகை மட்டும் அடையாளமாக வைத்துக்கொண்டு, "நல்ல வாத்து ஓவியர்" என்றே குழந்தைகள் அவரைக் குறிப்பிட்டார்கள். 1960 வாக்கில்தான் சில ரசிகர்கள் அவர் பெயரைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினார்கள். அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது.