நாய் கடித்தால் யார் பொறுப்பு? தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஒன்டாரியோவுக்கு வருபவர்களுக்கு

மாம்பழப் பருவத்தில் காவேரிப்பட்டணத்துக்கு வரும்போதெல்லாம், பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்பவிருக்கும் பெற்றோர் யாராவது எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். குளிருக்கு என்ன உடுப்பு வாங்குவது, வாடகைக்கு வீடு எப்படிப் பிடிப்பது, பகுதிநேர வேலை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். நாயைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் நான் வாழ்ந்துவரும் 11 ஆண்டுகளில், நம் பக்கத்துப் பிள்ளைகள் தங்களுக்கு உரிமை இருப்பதே தெரியாமல் விட்டுக்கொடுத்து நஷ்டப்பட்டதை நான் அதிகம் பார்த்தது இந்த விஷயத்தில்தான். ஆகவே, யாரும் கேட்காவிட்டாலும் எழுதி வைக்கிறேன்.

நம் ஊர்களில் நாய் இல்லாத தெரு கிடையாது. மாந்தோப்பில் காவலுக்கு ஒன்று, ஆட்டுப்பட்டியில் ஒன்று, யாருக்கும் சொந்தமில்லாமல் டீக்கடை வாசலில் படுத்திருப்பவை நாலைந்து. கடிபட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கில் ஊசி போட்டுக்கொண்டு, வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். தோப்புக்காரரிடம் போய் மருத்துவச் செலவைக் கேட்பது வழக்கத்தில் இல்லை, கேட்டாலும் "நீ ஏன் அந்தப் பக்கம் போன?" என்ற பதில்தான் வரும். இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. தன் பொறுப்பில் இருக்கும் விலங்கினால் பிறருடைய உயிருக்கு ஆபத்தோ கடுங்காயமோ நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறுபவருக்கு 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது தண்டனைக்கான பிரிவு. கடிபட்டவருடைய இழப்பைக் கணக்கிட்டு அவர் கையில் பணம் சேர்ப்பதற்கானது அல்ல. கடி என்பது நம் நேரம் சரியில்லாததால் நேர்ந்தது என்று நினைத்துப் பழகிய மனத்தோடுதான் நம் பிள்ளைகள் டொராண்டோவில் வந்து இறங்குகிறார்கள்.

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கென்றே நாய் உரிமையாளர் பொறுப்புச் சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஒரு நாய் இன்னொரு மனிதரையோ வீட்டு விலங்கையோ கடித்தால் அல்லது தாக்கினால், அதனால் விளையும் இழப்புக்கு அந்த நாயின் உரிமையாளரே பொறுப்பு என்று அதன் 2ஆம் பிரிவு நேராகச் சொல்கிறது. அவர் கவனக்குறைவாக இருந்தாரா, நாய்க்குக் கடிக்கும் குணம் உண்டென்று அவருக்கு முன்பே தெரியுமா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை. "எங்கள் நாய் இதுவரை யாரையும் கடித்ததே இல்லை" என்று உரிமையாளர் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். அது அவருடைய பொறுப்பைக் கொஞ்சமும் குறைப்பதில்லை. உரிமையாளர்கள் கணவன் மனைவியாக இருவர் என்றால் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுத் தொகைக்கும் பொறுப்பாவார்கள். சட்டம் தரும் பெரிய விலக்கு ஒன்றுதான்: குற்றம் செய்யும் நோக்கத்தோடு ஒருவருடைய இடத்துக்குள் நுழைந்தவர் கடிபட்டால், காவலுக்கு அந்த நாயை வைத்திருந்தது நியாயமற்றது என்று ஆனாலொழிய உரிமையாளர் பொறுப்பாக மாட்டார். பார்சல் கொண்டுபோனவரும், அழைப்பு மணியை அழுத்தியவரும், கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவரும் இந்த விலக்கில் வர மாட்டார்கள்.

உரிமையாளர் என்ற சொல்லை இந்தச் சட்டம் நாம் நினைப்பதைவிட அகலமாக வைத்திருக்கிறது என்பதை மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நாயைத் தன் வசம் வைத்திருப்பவரும், அதற்கு இடம் கொடுத்து வைத்திருப்பவரும்கூட உரிமையாளரே. உரிமையாளர் பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் அவரை வளர்ப்பவர் பொறுப்பு. கல்லூரிக்குப் போய்க்கொண்டே மணிக்கு இவ்வளவு என்று பேசிப் பிறருடைய நாயை நடத்திக்கொண்டு போகும் வேலையையும், வீட்டுக்காரர் விடுமுறைக்குப் போனபோது ஒரு வாரம் நாயைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் நம் பிள்ளைகள் எளிய வருமானம் என்று எடுக்கிறார்கள். அந்த ஒரு வாரத்தில் அந்த நாய் யாரையாவது கடித்தால், வழக்கில் உங்கள் பெயரும் சேர்க்கப்படலாம். அந்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாயின் சொந்தக்காரருடைய வீட்டுக் காப்பீடு நீங்கள் பார்த்துக்கொள்ளும் நாட்களுக்கும் செல்லுமா என்று ஒப்புக்கொள்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடிபட்டவருடைய பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. கடிபட்டவருடைய தவறும் அதற்குக் காரணமாக இருந்தால், அந்தத் தவறின் அளவுக்கு நீதிமன்றம் இழப்பீட்டைக் குறைக்கும். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் நமக்கு எதிராகத் திரும்புகிறது. நாய் குரைத்துக்கொண்டு வந்தால் குனிந்து கல் எடுப்பதுபோலப் பாவனை காட்டுவதை நாம் நடக்கப் பழகியபோதே கற்றுக்கொண்டோம். பென்னாகரம் சாலையில் பாதி நாய்கள் குனிந்தவுடனே ஓடிவிடும். ஒன்டாரியோவில் பிடிகயிற்றில் கட்டிக்கொண்டு போகும் நாய்க்கு அந்தப் பாவனை புரியாது. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரருக்கோ, நீங்கள் நாயைச் சீண்டியதாகத்தான் தெரியும். பயமாக இருந்தால் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள், ஓடாதீர்கள். குழந்தைகளுக்கு, உரிமையாளரிடம் கேட்காமல் எந்த நாயையும் தொடக்கூடாது என்று வந்த முதல் வாரத்திலேயே சொல்லி வையுங்கள்.

என் அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாலக்கோட்டிலிருந்து படிக்க வந்தவன், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தான். டிசம்பர் மாத இரவில் குப்பைத் தொட்டியைத் தெருவோரத்துக்கு இழுத்துப் போனபோது, மேல்தளக் கதவு திறந்திருந்ததால் வீட்டுக்காரருடைய நாய் படியிறங்கி வந்து அவனுடைய கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். இவன் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு உள்ளே போனான். இரண்டு அடுக்குக் கால்சட்டை போட்டிருந்ததால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்தவன், காலுறையைக் கழற்றியபோதுதான் அது குதிகால் வரைக்கும் இரத்தத்தில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். நான்கு பல் பதிந்திருந்தது. ஒன்று ஆழமாக இறங்கியிருந்தது.

அவன் முதலில் அழைத்தது என்னை அல்ல, பாலக்கோட்டில் இருந்த அம்மாவை. அக்கா கேட்ட முதல் கேள்வி, "நாய் உசுரோட இருக்குதா? பத்து நாள் பாரு" என்பது. காயத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவு என்றும் சொன்னார். இரண்டுமே சரி. ஒன்டாரியோவில் விலங்குக் கடியைப் பற்றித் தெரியவரும் மருத்துவர் உள்ளூர்ப் பொதுச் சுகாதார அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் நாயை 10 நாட்கள் தனியாக வைத்துக் கவனிக்கச் சொல்வார்கள். கடித்த நேரத்தில் நாயின் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்திருந்தால் அந்த 10 நாளுக்குள் நாய்க்கு நோய் வெளிப்பட்டுவிடும் என்பதுதான் அந்தக் கணக்குக்கு அடிப்படை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்களுக்கு ரேபிஸ் தடுப்பூசி அங்கே சட்டப்படி கட்டாயம். ஆகவே வளர்ப்பு நாய் கடித்து, அந்த நாயைக் கண்காணிக்கவும் முடிகிறதென்றால், மருத்துவர் டி.டி. (டெட்டனஸ்) ஊசியும் மாத்திரையும் மட்டும் கொடுத்து அனுப்பலாம். ஊரில் அன்றைக்கே ரேபிஸ் ஊசி தொடங்கிப் பார்த்த நமக்கு, நம்மை அலட்சியப்படுத்துகிறார்கள் என்று தோன்றும். அது அலட்சியம் அல்ல. ஆனால் நாய் யாருடையது என்றே தெரியவில்லை, ஓடிவிட்டது என்றால் அதை மருத்துவரிடம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊசி தொடங்குவதா என்ற முடிவே அப்போது மாறிவிடும்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் 200 டாலரும் ஒரு தாளும் கொண்டுவந்தார். இதற்குமேல் எதுவும் கோர மாட்டேன் என்று அந்தத் தாளில் நாலு வரி இருந்தது. வங்கிக் கடன் வரலாறு எதுவும் இல்லாத காலத்தில் நம்பி வீடு கொடுத்தவர் ஆயிற்றே என்று, அவன் கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டு, எதற்கும் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று என்னை அழைத்தான். அவன் கையெழுத்துப் போடாததுதான் அவனைக் காப்பாற்றியது. ஆழமான காயம் சீழ் பிடித்து, அவன் பகுதிநேரமாக நின்றுகொண்டு செய்துவந்த வேலைக்கு ஐந்து வாரம் போக முடியாமல் போயிற்று.

அவனுக்கு இருந்த தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது நல்ல வளர்ப்பிலிருந்து வந்த தயக்கம். சோறு போட்ட வீட்டின்மேல் எப்படி வழக்குப் போடுவது என்றுதான் அவனும் கேட்டான். நான் அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்தச் சட்டம் வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று சொல்வதில்லை, அவரிடம் தவறைத் தேடுவதும் இல்லை. அங்கே வீட்டுக் காப்பீட்டிலும் வாடகைதாரர் காப்பீட்டிலும் பிறருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்பும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கிறது. அவர் ஆண்டுதோறும் அதற்காகத்தான் பணம் கட்டி வந்திருக்கிறார். நீங்கள் இழப்பீடு கேட்டால், அவர் தன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பார், அவர்கள் உங்களோடு பேசுவார்கள். அக்கா மகனுடைய விஷயத்தில் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே எட்டு மாதத்தில் முடிந்தது. வீட்டுக்காரரும் அவனும் அதற்குப் பிறகும் ஓராண்டு ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

கடித்த அன்றைக்குச் செய்ய வேண்டியவற்றில் நம்மவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் எழுத்து வேலையைத்தான். உரிமையாளருடைய பெயர், முகவரி, தொலைபேசி எண், நாயின் தடுப்பூசி விவரம், பார்த்தவர்களுடைய எண் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். காயத்தைக் கழுவுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள், பிறகு வாரம் ஒரு முறை எடுங்கள். தழும்பு எப்படி மாறியது என்பதும் கணக்கில் வரும். கிழிந்த உடையைத் துவைக்காமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். டொராண்டோவில் 311 என்ற எண்ணை அழைத்தால் மாநகராட்சி புகாரைப் பதிவு செய்துகொள்ளும். வேலை நேரத்தில் கடிபட்டால் முதலாளிக்கு அன்றைக்கே, முடிந்தால் மின்னஞ்சலில், தெரிவித்துவிடுங்கள்.

வழக்குத் தொடர்வதற்குப் பொதுவான காலக்கெடு 2 ஆண்டு. 50,000 டாலர் வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். 35,000 ஆக இருந்த இந்த வரம்பு 2025 அக்டோபர் 1 முதல் உயர்த்தப்பட்டது. ஒன்டாரியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக ஒரு வழக்கறிஞரிடமோ சட்டத் துணைவரிடமோ (paralegal) 30 நிமிடம் வரை கட்டணமில்லாமல் பேசலாம். மாணவர் விசா, பார்வையாளர் விசா என்பதால் கோரும் உரிமை குறைவதில்லை. பெற்றோர், தாத்தா பாட்டிக்கான நீண்டகாலப் பார்வையாளர் விசாவான சூப்பர் விசாவில் வந்து பேரப்பிள்ளைகளோடு இருக்கும் அப்பா அம்மா காலை நடையில் கடிபட்டால், குறைந்தது 1,00,000 டாலருக்கு எடுத்திருக்கும் அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தை மருத்துவமனையிலிருந்தே அழையுங்கள்; ரசீது ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

நீங்களே நாய் வளர்க்கத் தொடங்கினால், மேலே சொன்ன அத்தனையும் உங்கள்மேல் திரும்பும் என்பதை மறந்துவிடக் கூடாது. நாய் யாரையாவது கடித்துவிட்டால், இழப்பீடு ஒரு பக்கம் இருக்க, அதை அடைத்து வைக்கவும், வெளியே கொண்டுபோகும்போது வாய்க்கூடு போடவும், எச்சரிக்கைப் பலகை வைக்கவும், கடுமையான நிலையில் நாயைக் கொன்றுவிடவும்கூட நீதிமன்றம் ஆணையிடலாம். சட்டத்தை மீறுபவருக்கு 10,000 டாலர் வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும் உண்டு. பிட் புல் வகை நாய்களுக்கு மாகாணத்தில் 2005 முதல் தடை இருக்கிறது. தோப்பில் இரவு நாயை அவிழ்த்துவிடுவதுபோல வீட்டு முற்றத்தில் விடாதீர்கள். டொராண்டோவில் பிடிகயிறு 2 மீட்டருக்குமேல் நீளக் கூடாது. காப்பீட்டு நிறுவனத்திடம் நாய் இருப்பதை மறைக்காதீர்கள்.

இவை எல்லாம் ஒன்டாரியோவுக்கு மட்டுமே பொருந்தும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதுபோன்ற தனிச்சட்டம் இல்லாததால், நாய்க்கு அந்தக் குணம் உண்டென்று உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது என்றோ, அவர் கவனக்குறைவாக இருந்தார் என்றோ கடிபட்டவர்தான் காட்ட வேண்டியிருக்கும். வான்கூவரில் இருக்கும் ஓசூர் நண்பர் "கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை" என்று சொன்னால், அவர் அங்கே பட்ட அனுபவத்தை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்டாரியோவின் பிராம்ப்டனில் கையை விரித்துவிடாதீர்கள்; உங்கள் மாகாணத்தில் வேலை செய்யும் ஒரு வழக்கறிஞரிடம் அந்த 30 நிமிடம் பேசிய பிறகு முடிவெடுங்கள்.